தோணிப் படத்தில் இருந்த பிள்ளை

மணி ஒன்பதாகப் பத்து நிமிடம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வட்டார வரலாற்றுக் குழு கூடுகிற பழைய உப்புக் கிடங்கைத் திறந்து நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தான். சட்டை நனைந்திருந்தது.

"கடலு உள்ள வந்துடுச்சு! கடலு உள்ள வந்துடுச்சு!"

உப்பளத்து ஊர்க்காரனுக்கு அது ஒன்றும் புதிய சேதி இல்லை. பாத்திக்குள் கடல் தண்ணீர் வந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பே. "எந்தப் பக்கம்பா வரப்பு ஒடைஞ்சுது?" என்று நிதானமாகக் கேட்டேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடிவிட்டான். அவன் பின்னால் இன்னும் நாலு பேர் ஓடி வந்தார்கள். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. என் மகள் பூங்கொடி காலையிலேயே கிளம்பிக் கடற்கரையோர மீனவர் குப்பத்துக்குத்தான் போயிருந்தாள்.

இப்போது குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் கையடக்க டிஜிட்டல் கேமராவோடு வருகிறார்கள். தண்ணீரே இல்லாமல் படம் எடுக்கிறார்கள். "சார், அந்தத் தோணிப் படத்தை எப்படிக் கழுவுனீங்க? எழுதிக் குடுங்க, நம்ம குழு மலர்ல போடறோம்" என்று கேட்டார்கள். கழுவின விதத்தை மட்டும் தனியாக எழுத என்னால் முடியாது. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. அதனால் தொடக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே இருட்டறை உதவியாளனாக இருந்தேன். பி.எஸ்ஸி. படித்துவிட்டு வேலை கிடைக்காமல், கிடைத்த வேலையில் சேர்ந்தவன். சிவப்பு விளக்கின் கீழே பிலிமைக் கம்பிச் சட்டத்தில் மாட்டி, மருந்தில் முக்கி, அலசி, அடுத்த மருந்தில் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவிக் காயப்போடுவதுதான் வேலை. சேர்ந்த புதிதில் எங்கள் ரேடியோகிராபர் சார் என் கையில் ஈரப் பிலிம் ஒன்றைக் கொடுத்து, "ஒரு தடவை விரலால தொட்டுப் பாரு" என்றார். தொட்டேன். யாரோ ஒருவருடைய விலா எலும்பின் மேல் என் கைரேகை பதிந்துவிட்டது. "பால் மேல ஆடை இருக்குல்ல, அதான் இது. இனிமே தொட மாட்ட" என்றார். பிறகு நான் தொட்டதே இல்லை. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி அந்த ஒரு வாக்கியம்தான். மீதியைத் தண்ணீர் சொல்லிக்கொடுத்தது.

இருபது வருடங்களுக்கு மேல் மருந்தில் ஊறிய என் கை, கடைசியில் வெடித்துப் புண்ணாகிவிட்டது. தோல் டாக்டர் வேலையை விடச் சொன்னார். ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன். வீட்டில் உட்கார்ந்த ஆள் என்ன செய்வான்? மகள் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நிற்பான். "அப்பா, நீ எங்கயாச்சும் வேலைக்குப் போப்பா. என்னைத் தொல்லை பண்ணாத" என்று பூங்கொடிதான் என்னை வரலாற்றுக் குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நர்சிங் படித்துக்கொண்டிருந்த அவள், எனக்கு முன்பே அதில் உறுப்பினர்.

குழு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சம்பளம் வாங்காத பத்துப் பன்னிரண்டு பேர். உப்பள முதலாளி ஒருவர் பயன்படாமல் கிடந்த தன் கிடங்கை வாடகை வாங்காமல் கொடுத்திருந்தார். அது எங்களிடம் வந்த காரணம் சுவரைப் பார்த்தாலே தெரியும். எத்தனை வருடமோ உப்பைச் சுமந்த சுவர். மழைக்காலத்தில் வியர்க்கும்; வெயில் காலத்தில் வெள்ளையாகப் பூக்கும். அதில் எதை மாட்டினாலும் அரித்துவிடும். அதனால் நாங்கள் சுவரைத் தொடுவதே இல்லை. அறையின் குறுக்கே கொடி கட்டி, துணி கிளிப் போட்டுப் படங்களைத் தொங்கவிடுவோம். முதல்முறை உள்ளே நுழைந்தபோது என் இருட்டறைக்கே திரும்பி வந்ததுபோல் இருந்தது. வெளிச்சம் மட்டும்தான் கூடுதல்.

தலைவர் ரஹ்மத் டீச்சர். கூனிமேட்டுக்காரர். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் உள்ளே வந்தாலும், அவர்கள் உட்காரும்வரை தான் உட்கார மாட்டார். உட்கார்ந்ததும் மூன்று கேள்வி கேட்பார். இது யாருது? வீட்டுல இதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க? எப்போ திருப்பித் தரணும்? மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் வந்த பிறகு கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்பார். இரண்டு தடவையும் ஒரே நாளைச் சொன்னால் எழுந்து போய்க் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதுவார். யார் வீடு, என்ன பொருள், என்ன கிழமை. யார் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிறார்களோ அவர்கள்தான் வந்து அந்த வரியை அழிக்க வேண்டும். வேறு யாரும் அழிக்கக் கூடாது.

"நாம மியூசியம் கிடையாதுங்க. நம்மகிட்ட ஒண்ணும் தங்கக் கூடாது. வாங்கறோம், பாக்கறோம், படம் எடுத்துக்கறோம், குடுத்துடறோம். ஒரு தடவை நாள் தவறினா, அடுத்த தடவை எந்த வீட்லயும் டீ கூட குடுக்க மாட்டாங்க" என்பார்.

இப்படித்தான் தோணிப் படம் எங்களிடம் வந்தது. மீன் விற்கிற அஞ்சலை வீட்டுப் படம். வளைகுடாவிலிருந்து லீவில் வந்த கூனிமேட்டுக்காரர் ஒருவர் தன் புதுக் கேமராவில் எடுத்துக் கொடுத்த கலர்ப் படம். அந்தக் காலத்தில் எங்கள் உப்பைக் கால்வாய் வழியாகச் சென்னைக்கு ஏற்றிப்போன தோணிகளில் ஒன்று, கரையில் கவிழ்ந்தபடி ரொம்ப நாள் கிடந்தது. பிறகு யாரோ விறகுக்கு உடைத்துவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்து அந்தத் தோணியின் படம் அது ஒன்றுதான். தோணியின் முதுகில் அஞ்சலையின் மகள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தோணிக்கா படம் வேணும்? அத்த ஏன் தூக்கிட்டுப் போறீங்க? ஒடம்பெல்லாம் ஓட்டை" என்று சிரித்துக்கொண்டே ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தாள் அஞ்சலை.

பிரதி எடுப்பது என் வேலை. ஜன்னலோரம் மேசை, இரண்டு பக்கமும் வெள்ளை வேட்டி, நடுவில் படம். ஒரு பிலிம் சுருளை எல்லோரும் சேர்ந்து வாங்குவோம். ஒரு படத்துக்கு ஒரு கிளிக்தான். எந்தப் பொருளுக்காகப் படத்தை வாங்கினோமோ அந்தப் பொருள் சட்டத்தை நிறைக்க வேண்டும் என்பது குழுவில் எல்லோரும் ஒத்துக்கொண்ட முறை. அப்படியே எடுத்தேன். பலகை இணைப்பு, ஆணி அடித்த வரிசை, அடிக்கட்டை எல்லாம் துல்லியமாக வந்தது. டீச்சர் பார்த்துவிட்டு, "ஆணியக் கூட எண்ணலாம் போல இருக்கே" என்று மகிழ்ந்தார். படத்தின் மேல் விளிம்பில் ஒரு கொலுசும் இரண்டு பாதங்களும் இருந்தன. அதற்கு மேல் எதுவும் இல்லை.

கதவில் எழுதியிருந்தது: அஞ்சலை, தோணிப் படம், ஞாயிறு. அந்த ஞாயிறு காலையில் பூங்கொடி படத்தைத் துணிப்பையில் போட்டு, என் மொபெட்டில் எடுத்துக்கொண்டு போனாள்.

நான் ஓடினேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். சவுக்குத் தோப்பு மேட்டில் பூங்கொடி உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து கால்வரை சேறு. ஒரு செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் அழவில்லை. "அப்பா, என் தலை வலிக்குதுப்பா" என்றாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். படத்தை மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டு அஞ்சலை இவளுக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். மகள் தேவி எங்கே என்று இவள் கேட்டதற்கு, "அப்பன் கூட வலைகிட்ட நிக்குது, இரு, வந்துடும்" என்றிருக்கிறாள். டீயைக் குடித்து முடிக்கவில்லை. தண்ணீர் சத்தம் கேட்டு வெளியே வந்த அஞ்சலை இவள் பின்னலைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். தண்ணீர் இடுப்பு வரைக்கும் வந்தபோதும் பின்னலை விடவில்லை. மேட்டில் தள்ளிவிட்டு, "சவுக்க கெட்டியாப் புடிச்சிக்க, எறங்காத" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே மகளைத் தேடி இறங்கிப் போயிருக்கிறாள்.

ஏழுமலை, அதாவது அஞ்சலையின் கணவர், ஒரு படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார். அஞ்சலையும் பிழைத்தாள். தேவி கிடைக்கவில்லை. மறுநாள் கிடைத்தாள்.

என் மகளின் தலை ஒரு வாரம் வலித்தது. அந்த வலி இருந்ததால்தான் என் வீட்டில் பிள்ளை இருந்தாள்.

புது வருடம் பிறந்து சில நாட்கள் கழித்து ஏழுமலை கிடங்குக்கு வந்தார். லுங்கித் துணியில் சுற்றியிருந்ததை மேசைமேல் வைத்தார். தோணிப் படம். சட்டம் உடைந்து, கண்ணாடி மூலையில் விரிந்து, உள்ளே சேறு. இடிந்த வீட்டின் கூரைக்கு அடியில் கிடந்ததாம்.

"வெயில்ல வச்சிருந்தேன் சார். கருவாடு காயற பக்கத்துலயே வச்சேன். காஞ்சாத் தெரியும்னு பாத்தேன். தெரியல."

எங்கள் கடற்கரையில் நனைந்தது எதுவானாலும் வெயிலில்தான் வைப்பார்கள். மீனையும் வெயில் காப்பாற்றும், உப்பையும் வெயில்தான் தரும். அவர் மேல் குறை இல்லை. ஆனால் காய்ந்ததால் படத்தின் முகப்பு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தேவியின் முகம் இருக்கும் இடத்தில் மெல்லிய பழுப்புச் சேறு ஒரு தாள்போல் படிந்திருந்தது.

"வேற படம் இல்லீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"இருந்துது டீச்சர். பெட்டியோட போயிடுச்சு." ஏழுமலை என் பக்கம் திரும்பினார். "நீங்க ஒண்ணு எடுத்தீங்களே சார், அதுல இருக்குமே?"

கொடியிலிருந்து பிரதியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். கட்டைவிரலால் அந்தப் பாதங்களைத் தொட்டார். "கொலுசு நல்லா வுழுந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். டீச்சர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"இன்னா சார், இது தேறுமா?" என்றார் ஏழுமலை கண்ணாடியைக் காட்டி.

"தெரியலப்பா. பாக்கறேன். அவசரப்படுத்தாதீங்க."

முதல் வேலையாக, இருக்கிற நிலையிலேயே கண்ணாடி வழியாக ஒரு படம் எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை ஓரம் முழுக்கச் சேர்த்து எடுத்தேன். அடுத்தது தண்ணீர். கிடங்குக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. உப்பில் கிடந்ததை உப்பில் கழுவ முடியாது. ஊரில் அப்போது நல்ல தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்தது. குடிக்க வைத்திருக்கும் தண்ணீரைப் போட்டோ கழுவக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. டீச்சரிடம் சொன்னேன். அவர் யாரிடம் சொன்னாரோ, மறுநாள் காலை கிளியனூர் பக்கத்து விவசாயி கோவிந்தசாமி, எங்கள் உறுப்பினர், சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"எங்க ஊரு போர்த் தண்ணி. எங்க மாட்டுக்குக் கூட நான் மிதிச்சிக் கொண்டாந்து ஊத்தினது இல்ல சார். போட்டோ குடிக்கட்டும்."

தினமும் கொண்டுவந்தார். சிரித்துக்கொண்டேதான் கொண்டுவந்தார். அந்த வழி எவ்வளவு தூரம் என்று சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும்.

இருட்டறையில் கற்ற இரண்டாவது பாடம்: சூடு ஆகாது. தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டால் படத்தின் மேலிருக்கும் அந்த ஆடை கரைந்துவிடும். மீன் ஏலம் நின்று போயிருந்தாலும் ஏழுமலை எங்கிருந்தோ ஐஸ் பார் வாங்கி வந்தார். பெரிய அலுமினியத் தாம்பாளத்தில் ஐஸை உடைத்துப் போட்டு, அதற்குள் சின்னத் தட்டை வைத்து, சின்னத் தட்டில்தான் நல்ல தண்ணீர். ஐஸ் தண்ணீர் படத்தில் படக் கூடாது. கண்ணாடி கீழே, படம் மேலே. மூழ்க வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கலங்கினால் தண்ணீரை ஓரமாக எடுத்து, ஓரமாக ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். இந்த வேலையில் முக்கால் பங்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது.

ஏழுமலைக்கு அது பொறுக்கவில்லை. "சார், லேசா ஒரு பக்கம் நெம்பினா வந்துடும் சார்."

"வரும். முகம் கண்ணாடியில நிக்கும், பேப்பர் மட்டும் உங்க கைக்கு வரும்."

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பக்கத்தில் குந்திக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பூங்கொடியும் வந்து உட்கார்ந்தாள். அந்த நாட்களில் அவள் வீட்டில் பேசவே இல்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டாள். இங்கே வந்து, கேட்காமலே ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் இழுத்து என் கையில் கொடுத்தாள். என் வெடித்த விரலால் சிரிஞ்சை அழுத்த வரவில்லை. "நீ விடு, நான் பண்றேன்" என்று அவளே வாங்கிக்கொண்டாள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைச் செலுத்தினாள்.

இரண்டாம் நாள் மதியம் ஒரு மூலை தானாகக் கிளம்பியது. பிறகு ஒரு பக்கம் முழுக்க. தோணி இருந்த பகுதி கிளம்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நிறம் கரைந்து மஞ்சள் குழம்பாகத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. தடுக்க வழியில்லை. சட்டென்று முழுப் படமும் கண்ணாடியை விட்டு மிதந்தது. ஓரத்தைப் பிடித்து முகப்பு மேலே வரும்படி திருப்பினேன்; பூங்கொடி அதன்மேல் தண்ணீரை மெல்ல ஓடவிட்டாள். பழுப்புச் சேற்றுத் தாள் கலைந்து ஒதுங்கியது.

இடது கன்னத்தில் சிவப்பாக ஒரு கறை. மற்றபடி முகம் முழுக்க இருந்தது. முன்பல் ஒன்று விழுந்த சிரிப்பு.

"தேவி" என்றாள் பூங்கொடி. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவள் அந்தப் பெயரைச் சொன்னது அன்றுதான். சொல்லிவிட்டு அழுதாள். என் மகள் அழுததற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

படத்தை இரண்டு மூலையில் கிளிப் போட்டு நிழலில் தொங்கவிட்டோம். பக்கத்திலேயே பழைய பிரதி. ஒன்றில் தோணியும் பாதங்களும். ஒன்றில் முகம், கீழே தோணி இருந்த இடத்தில் வெறும் வெளுப்பு. டீச்சர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று மாலையே குழுவைக் கூட்டி, "இனிமே யார் வீட்டுப் படமா இருந்தாலும் முழுசா எடுக்கணும். பிலிம் தீர்ந்தா தீரட்டும். என் பென்ஷன்ல வாங்கிக்கலாம்" என்றார். கணக்கு டீச்சர் கணக்குப் பார்க்காமல் பேசியதை நான் முதல்முறையாகக் கேட்டேன்.

ஆனால் படம் வீட்டுக்குப் போகவில்லை. "எடுத்துட்டுப் போனா அவ பாக்க மாட்டா சார். பேரச் சொன்னாலே எந்திரிச்சுப் போயிடறா. அவளே கேட்டு வரட்டும். அது வரைக்கும் வச்சிருங்க" என்றார் ஏழுமலை. வைத்திருந்தோம். அடுத்த மழைக்காலத்தில் கிடங்குச் சுவர் ஓயாமல் வியர்த்தபோது, டீச்சர் அதைத் தன் வீட்டுப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்துக் காப்பாற்றினார். கதவில் 'அஞ்சலை, தோணிப் படம், ஞாயிறு' என்ற வரி அப்படியே இருந்தது. திருப்பிக் கொடுத்தவள் பூங்கொடி. அவள்தான் அழிக்க வேண்டும். அவள் அழிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நான் அஞ்சலையைப் பார்க்க இரண்டு மூன்று முறை போனேன். தற்காலிகக் குடியிருப்பில் தகரக் கொட்டகை வாசலில் நின்று, நன்றி என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டு, சொல்ல முடியாமல் திரும்பி வந்தேன். பிள்ளையை இழந்தவளிடம், என் பிள்ளையைக் கொடுத்தாய் என்று எப்படிச் சொல்வது? அவளும் என்னை உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்பாள். "பொண்ணு நல்லாருக்குதா?" என்று கேட்பாள்.

இந்த வருடம், வெயில் ஏறி உப்பு வாரத் தொடங்கிய நாட்களில், ஒரு ஞாயிறு காலை நாங்கள் எல்லோரும் கிடங்கில் இருந்தோம். படிப்பை முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்த பூங்கொடியும் லீவில் வந்திருந்தாள். முந்தின நாள் அவள் வந்த பஸ் அரை மணி தாமதம். நான் எங்கே நின்றிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. வாசலில் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு அஞ்சலை உள்ளே வந்தாள். டீச்சர் எழுந்து நின்றார். அஞ்சலை உட்காரவில்லை. பூங்கொடியிடம் போய் அவள் தலையைத் தடவினாள்.

"பின்னல வெட்டிட்டியா?"

"ஆமாக்கா. டியூட்டிக்குத் தொல்லையா இருக்குது."

"வளத்துக்கோ. புடிக்க ஒண்ணு வேணும்" என்றாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

கொடியில் இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. அவள் போய் நின்று பார்த்தாள். நாங்கள் யாரும் அசையவில்லை. ஈரப் படத்தின் முன்னால் நிற்பதுபோல் நின்றோம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எடுத்துக்குங்கம்மா. உங்களுது. நாங்கதான் ரொம்ப நாள் தாமதம் பண்ணிட்டோம்" என்றார் டீச்சர்.

"வேணாம் டீச்சர். ஊட்டுக்குச் சமுத்திரம் பக்கத்துல இருக்குது. இங்கயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன்."

டீச்சர் பழக்கத்தில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனார். "எது வரைக்கும் வச்சிருக்கட்டும்?"

"நாளு போடாதீங்க" என்றாள் அஞ்சலை. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். "யாராச்சும் வந்து பாத்தா, தோணியப் பத்தி அப்பறம் சொல்லுங்க. மொதல்ல இது பேரு தேவின்னு சொல்லுங்க."